ஒளி விரியலாக்கிகளும் அவற்றின் எச்சரிக்கைகளும்

செய்தித் தொடர்பின் வரலாற்றிலே செம்புக் கம்பி வகித்த இடத்தைக் கண்ணாடியிழை வகிக்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வைத்தியசாலையொன்று அனுப்பும் படமும், வங்கியொன்றின் கணக்கும், கடல் கடந்து வாழும் மகன் தாயுடன் பேசும் பேச்சும் இன்று ஒரே இழையினூடே, ஒளியின் வடிவில், ஒன்றையொன்று அறியாது செல்கின்றன. நெடுந்தூரம் செல்லும் அவ்வொளி வழியிலே தளரும்போது அதற்கு மீண்டும் வலுவூட்டும் கருவியே ஒளி விரியலாக்கி. அக்கருவி பழுதுற்றால் அதன் வழிச் செல்லும் செய்தி அனைத்தும் நிற்கும். பழுதுறாத கருவியைப் பழுதுற்றதென எண்ணிக் கழற்றினாலும் விளைவது அதுவே. முன்னையது கருவியின் குற்றம். பின்னையது எச்சரிக்கையைச் சரிவர வாசிக்காதவரின் குற்றம். ஆதலின் இக்கருவிகள் எழுப்பும் எச்சரிக்கைகளின் பொருளை ஆராய்தல் வேண்டற்பாலது.

கண்ணாடி ஒளியைக் கடத்தும். ஆயின் வாங்கியதனைத்தையும் கொண்டுபோய்க் கொடுப்பதன்று. 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்த சாள்ஸ் காவோ என்பார், ஜோர்ஜ் ஹொக்கம் என்பாருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், ஒளியின் இழப்புக்குக் கண்ணாடியின் இயல்பைக் காட்டிலும் அதிற் கலந்துள்ள மாசுகளே பெருங்காரணம் என்றும், கிலோமீற்றருக்கு 20 டெசிபெல் அளவிற்கு இழப்பைக் குறைத்துவிட்டால் அது செய்தித் தொடர்புக்குப் பயன்படும் என்றும் எடுத்துக் காட்டினார். 1970இல் அமெரிக்காவின் கோர்ணிங் நிறுவனத்தார் அவ்வெல்லையைக் கடந்தனர். 2009இல் காவோவிற்குப் பௌதிகவியலுக்கான நோபெற் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய இழைகளில், 1550 நனோமீற்றர் அலைநீளமுடைய ஒளி கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் மட்டுமே இழக்கின்றது. எனினும் தூரம் பெருக இழப்பும் பெருகும். பொருத்துக்களின் இழப்பையும் சேர்த்து 80 கிலோமீற்றருக்கு 20 டெசிபெல் எனக் கொண்டால், புறப்பட்ட ஒளியில் நூற்றிலொரு பங்கே போய்ச் சேரும். அடுத்த 80 கிலோமீற்றரின் முடிவில் அந்த நூற்றிலொன்றிலும் நூற்றிலொன்றே எஞ்சும்.

முற்காலத்தில் இதற்குக் கையாண்ட பரிகாரம் சுற்றுவழியானது. ஒளியை மின்னாக மாற்றி, மின்னைத் திருத்தி, மீண்டும் ஒளியாக்கி அனுப்பினர். 1988இல் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்த முதல் ஒளியிழை வடமான ற்றற்-8 இவ்வாறே இயங்கியது. ஓரிழையில் பல அலைநீளங்களை அனுப்ப விரும்பினால், ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கருவி இவ்வழியில் வேண்டும். ஒளியை ஒளியாகவே வைத்துக்கொண்டு, எல்லா அலைநீளங்களையும் ஒருங்கே வலுப்படுத்தும் வழியை 1987இல் இங்கிலாந்தின் சவுதம்ரன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேயின் முதலானோரும், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இமானுவேல் டெசுவீர் முதலானோரும் கண்டறிந்தனர். ஒன்பது ஆண்டுகளுக்குள், 1996இல் முழுமை பெற்ற ற்றற்-12, 13 ஆகிய வடங்களில் அவ்வழி அத்திலாந்திக்கின் அடியிலேயே இடம்பெற்றுவிட்டது.

அவ்வழிக்கு உதவியது எர்பியம் என்னும் அருமண் மூலகம். சுவீடன் நாட்டில் இற்றபி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரிற் கிடைத்த கனிப்பொருளை ஆராய்ந்தமையால் வெளிப்பட்ட நான்கு மூலகங்கள் அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான எர்பியத்தை 1843இல் மொசாண்டர் என்பார் இனங்கண்டார். அதன் ஒட்சைட்டு இளஞ்சிவப்பு நிறமானது. நெடுங்காலமாகப் பெரும்பயன் எதுவுமின்றிக் கிடந்த இம்மூலகம், உலகின் பேச்சைத் தூக்கிச் செல்லும் பணிக்கு வாய்த்தது வியப்பிற்குரியதே.

சில மீற்றர் நீளமுள்ள இழையொன்றில் எர்பியத்தைச் சிறிதளவு கலந்து, 980 அல்லது 1480 நனோமீற்றர் அலைநீளமுள்ள லேசர் ஒளியை அதனுட் செலுத்துவர். இதனை ஏற்று லேசர் எனலாம். கிணற்று நீரை மேலேற்றும் துலாவைப் போல இது எர்பிய அயன்களை உயர்ந்த சத்தி மட்டத்திற்கு ஏற்றுகின்றது. ஏறிய அயன்கள் ஒரு மட்டத்தில் ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் வரை தங்கி நிற்கக் கூடியன. அணுக்களின் உலகில் இஃது ஒரு நெடுங்காலம். அவ்வேளையில் 1550 நனோமீற்றரை அண்டிய சைகையொளி அவ்வழியே வருமாயின், அயன்கள் தம் சத்தியை அவ்வொளியின் வடிவிலேயே, அதனோடு ஒத்திசைந்து, வெளிவிடுகின்றன. 1917இல் ஐன்ஸ்ரைன் கூறிய தூண்டற் காலல் என்பது இதுவே. ஆனால் தூண்டுவாரின்றித் தாமாகவே இறங்கும் அயன்களும் உள. அவை வெளிவிடும் ஒளிக்குச் செய்தியென்று எதுவுமில்லை, அது வெற்றிரைச்சல். அவ்விரைச்சலும் சைகையோடு சேர்ந்து பெருகும். விரியலாக்கி எதுவும் இதனின்று தப்புவதில்லை. பின்னர்க் கூறப்படும் பலவற்றிற்கு இவ்விரைச்சலே மூலமாதலின் இதனை மனத்திருத்துதல் நன்று.

இனி அளவு பற்றிச் சிறிது கூறவேண்டும். இத்துறையில் 1 மில்லிவாற்று வலுவைப் பூச்சியமாகக் கொண்டு டெசிபெல்லில் எண்ணுவர்; தொழில் வழக்கில் அதனை டி.பி.எம். என்பர். 10 மில்லிவாற்று 10 டி.பி.எம்.; 100 மில்லிவாற்று 20 டி.பி.எம்.; வலு இரு மடங்காகுந்தோறும் 3 கூடும், அரைவாசியாகுந்தோறும் 3 குறையும். இம்முறையின் பயன் யாதெனில், பெருக்கலும் வகுத்தலும் நீங்கிக் கூட்டலும் கழித்தலும் மாத்திரமே எஞ்சுகின்றன. விரியலாக்கியினுட் புகும் ஒளி பெய்ப்பு வலு. வெளிவருவது பயப்பு வலு. பயப்பினின்று பெய்ப்பைக் கழிக்க வருவது நயம். அதுபோலவே, ஒரு நிலையத்தின் பயப்பினின்று அடுத்த நிலையத்தின் பெய்ப்பைக் கழிக்க வருவது இடைவழியின் இழப்பு. இவ்விரண்டு கழித்தல்களையும் பிழையின்றிச் செய்யத் தெரிந்தவர் இத்துறையின் பழுதுகளிற் பெரும்பாலானவற்றின் இருப்பிடத்தை நாற்காலியை விட்டெழாமலே அறியலாம்.

எச்சரிக்கை என்பது இங்கே மணியோசையன்று. கட்டுப்பாட்டு நிலையத்தின் கணினித் திரையிலே சிவப்பாகவோ மஞ்சளாகவோ தோன்றும் ஒரு வரி அது. விரியலாக்கியின் வாயிலிலும் முடிவிலும் ஒளியின் நூற்றிலொரு பங்களவைக் கிள்ளியெடுத்து ஒளியிருவாயிக்குக் காட்டுவர். அந்த இருவாயி காட்டும் அளவு முன்கூட்டிக் குறித்த எல்லைக்கு வெளியே சென்றால் எச்சரிக்கை எழும். பெய்ப்பு வலு குறைவு, பயப்பு வலு குறைவு, பயப்பு வலு மிகை, நயம் குறைவு, நயம் மிகை, ஏற்று லேசரின் ஓட்டம் மிகை, அதன் வெப்பநிலை மிகை, தெறித்து மீளும் ஒளி மிகை எனப் பல வகை உண்டு. இவை யாவும் ஓரிடத்தில் ஓர் அளவு பிறழ்ந்தது என்று மட்டுமே கூறுவன. பிறழ்ச்சியின் காரணமும் அவ்விடத்தில்தான் உள்ளது என்று அவற்றுள் எதுவும் கூறுவதில்லை. கடைசிப் பாத்தியிலுள்ள வெங்காயம் வாடக் கண்ட தோட்டக்காரர் அப்பாத்தியை வெட்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்து, நீர் எங்கே உடைத்துக்கொண்டு போகின்றது என்றே பார்ப்பார். ஒளியின் வாய்க்காலிலும் செய்யவேண்டியது அதுவே. ஆனால் திரையிற் பத்துச் சிவப்பு வரிகள் ஒருங்கே தோன்றும்போது இவ்வெளிய உண்மை மறந்து போகின்றது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். நான்கு நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விரியலாக்கி, அடுத்தடுத்த நிலையங்களுக்கிடையே 80 கிலோமீற்றர் இழை. ஒவ்வோர் இடைவழியிலும் 20 டெசிபெல் இழப்பு. ஓரிழையில் 40 அலைநீளங்கள். ஒவ்வொன்றும் 1 டி.பி.எம். வலுவுடன் புறப்படுகின்றது. நாற்பது மடங்கு என்பது 16 டெசிபெல் ஆதலின் மொத்தம் 17 டி.பி.எம்., அதாவது 50 மில்லிவாற்று. அடுத்த நிலையத்தைச் சேரும்போது −3. அங்கே நயம் 20 ஆதலின் மீண்டும் 17. இங்ஙனம் இறுதிவரை.

இப்போது இரண்டாம் நிலையத்திற்கும் மூன்றாம் நிலையத்திற்கும் இடையே, வீதி திருத்துவோர் எவரேனும் வடத்தை அழுத்தி வளைத்துவிட்டனர் என்று கொள்க. அவ்விடைவழியின் இழப்பு 24 ஆகின்றது. மூன்றாம் நிலையத்தின் பெய்ப்பு −7. நயம் மாறாத வகையில் இயங்குவதால் பயப்பு 13. நான்காம் நிலையத்தின் பெய்ப்பும் −7, பயப்பும் 13. திரையிலே மூன்றாம் நிலையத்திலும் நான்காம் நிலையத்திலும் பெய்ப்புக் குறைவு, பயப்புக் குறைவு என நான்கு எச்சரிக்கைகள் தோன்றும். பழுதுக்கு அண்மையில் உள்ள இரண்டாம் நிலையமோ ஒன்றும் அறியாததுபோல் அமைதியாயிருக்கும். கழித்துப் பார்த்தால் நயம் எங்கும் 20. ஆகவே எந்த விரியலாக்கியிலும் குற்றமில்லை. இடைவழி இழப்புகள் 20, 24, 20. குற்றம் நடுவிலுள்ள இழையில் என்பது வெளிப்படை. நான்காம் நிலையத்தின் கருவியை மாற்றுதற்கு ஆளனுப்புவது வீண்வேலை மட்டுமன்று. நல்லதொரு கருவியைக் கழற்றும் வேளையில், தளர்ந்தேனும் சென்றுகொண்டிருந்த 40 அலைநீளங்களையும் அறுத்துவிடும் செயலுமாகும். ஒவ்வோர் அலைநீளமும் செக்கனுக்கு 100 கிகாபிற்று சுமப்பதாயின், அறுபடுவது செக்கனுக்கு 4 தெராபிற்று.

வேறொரு வகை. மூன்றாம் நிலையத்தின் பெய்ப்பு −3 என்று சரியாகவே உள்ளது. பயப்பு மட்டும் 13. நயம் 16. இங்கேதான் நயம் குறைவு என்னும் எச்சரிக்கை எழும். இப்போது குற்றம் அவ்விரியலாக்கியிலேயே உள்ளது என ஐயுறுதல் தகும். நான்காம் நிலையத்தின் எச்சரிக்கைகள் முன்போலவே தோன்றினும் அவை வெறும் எதிரொலி. மூன்றாம் நிலையத்தில் முதலிற் பார்க்கவேண்டியது ஏற்று லேசர். அது முதுமையடைய, அதே ஒளியைத் தருதற்கு மேலும் மேலும் மின்னோட்டத்தை வேண்டும். தொடக்க நாளில் இருந்த ஓட்டத்தைவிடக் குறித்த அளவு மிகுந்ததும் எச்சரிக்கை எழும். ஆயின் அப்போதும் நயம் குறைந்திராது. இது நோய் வந்தபின் கூறும் கூற்றன்று. வருமுன் கூறும் கூற்று. இதனைப் பொருட்படுத்தாது விட்டவர்கள், ஓட்டம் தன் உச்சத்தை அடைந்து அதன்மேல் ஏற வழியின்றி நயம் சரியும் நாளிலேதான் விழித்துக்கொள்வர். லேசரின் வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருக்கச் சிறியதொரு மின்குளிர்ப்பி உண்டு. வெப்பநிலை எச்சரிக்கை தோன்றுமாயின் லேசரைக் குறைகூறுமுன் நிலையத்தின் குளிரூட்டியையும், விசிறியையும், தூசியடைந்த வடியையும் பார்த்தல் வேண்டும். வெப்ப நாடுகளில் இதனை அழுத்திக் கூறுதல் தகும்.

நயம் குறைவு எனினும் எதுவும் பழுதுறாத நிலை ஒன்றும் உண்டு. மேற்கூறிய தொடரில் 40 அலைநீளங்களை 80 ஆக்குகின்றனர் என்க. பெய்ப்பு இரட்டித்து 0 டி.பி.எம். ஆகும். நயம் 20ஐக் காக்கப் பயப்பு 20 ஆதல் வேண்டும். ஆனால் அவ்விரியலாக்கி தரக்கூடிய உச்ச வலு 18 மட்டுமே எனின், நயம் 18இற்கு இறங்கிவிடும். எர்பிய அயன்கள் ஏற்றப்படும் வேகத்திற்கு மேல் அவற்றிடமிருந்து ஒளியைப் பெறவியலாது. இறைக்கும் அளவிற்குத்தான் நீர் கிடைக்கும். இதற்குக் கருவியை மாற்றிப் பயனில்லை, அதே வகைக் கருவியே மீண்டும் வருமாயின். திட்டமிட்டவர் கணக்கைத் திரும்பப் போடவேண்டும். அலைநீளங்களைக் கூட்டிய நாளையும் எச்சரிக்கை எழுந்த நாளையும் ஒப்பிட்டாலே இது விளங்கிவிடும்.

நிற்க. இதுவரை கூறியவற்றில், ஒளியிருவாயி மெய்யே உரைக்கும் என்று கொள்ளப்பட்டது. அது பொய்யுரைப்பின் என்னாகும்? மூன்றாம் நிலையத்தின் பெய்ப்பைப் பார்க்கும் இருவாயி, உண்மையான −3ஐ −6 என்று காட்டுகின்றது என்க. விரியலாக்கி தன் நயம் 20ஆய் இருக்கவேண்டும் என்று கட்டளை பெற்றது. ஆதலின் பயப்பு 14ஆய் இருத்தல் சரியென்று எண்ணி ஏற்று லேசரைத் தணித்துவிடும். திரையில் நயம் 20 என்றே தோன்றும். உண்மையில் அது 17. இடைவழி இழப்பு 23 என்று தோன்றும். உண்மையில் அது 20. கழித்தற் கணக்கு, பிழையான எண்ணைக் கொண்டு, பிழையற்ற இழையைக் குற்றவாளியாக்கும். வடத்தைத் தோண்டப் பலர் புறப்படுவர்.

இத்தகைய ஏமாற்றத்தைத் தவிர்க்க இரண்டு சாட்சிகள் உள. ஒன்று மேற்பார்வை அலைநீளம். நிலையங்கள் தம்முள் நிலைமையைப் பரிமாறிக்கொள்ளப் பெரும்பாலும் 1510 நனோமீற்றரில் தனியொரு சைகை செல்லும். அது விரியலாக்கியினூடே செல்வதில்லை. வாயிலில் பிரித்தெடுக்கப்பட்டு, முடிவில் மீண்டும் சேர்க்கப்படும். ஆதலின் அதன் இழப்பு இழையின் இழப்பையே, விரியலாக்கியின் கண்ணைக் கொண்டன்றி வேறொரு கண்ணால், காட்டுகின்றது. அதன் இழப்பு மாறாதிருக்க, சைகையின் இழப்பு மட்டும் 3 கூடியது எனின், நெடுவடத்தில் குற்றமில்லை. நிலையத்தினுள் உள்ள இருவாயியோ, பிரித்தெடுக்கும் பகுதியோ, சிறு இணைப்பிழையோ ஐயத்திற்குரியது. மற்றைய சாட்சி கையிற் கொண்டு செல்லும் வலுமானி. சோதனை வாயிலில் அதனைப் பொருத்தி அளக்கும்போது, அவ்வாயிலில் நூற்றிலொரு பங்கே வருகின்றது, ஆகவே மானியின் அளவோடு 20 டெசிபெல் கூட்டவேண்டும் என்பதை மறத்தலாகாது. இதனை மறந்து, ஒளி நூறு மடங்கு குறைந்துவிட்டது என்று அலறுவோர் எந்நாட்டிலும் உளர்.

இழையிலேதான் குற்றம் என்று துணிந்தபின், அஃது எவ்விடம் என்பதை ஓ.டீ.டீ.ஆர். என்னும் கருவி காட்டும். ஒளித்துடிப்பை இழையினுள் அனுப்பி, கண்ணாடியின் நுண்துகள்களிலிருந்து சிதறி மீளும் ஒளி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வருகின்றது என்று அளந்து, தூரத்தை அது கணிக்கின்றது. 1310 நனோமீற்றரிலும் 1550 நனோமீற்றரிலும் அளந்து பார்ப்பது பெரும்பயன் தரும். வளைந்த இழையிலிருந்து நீண்ட அலைநீளமே எளிதில் வெளியேறும். ஆதலின் ஓரிடத்தில் 1550இல் இழப்பு மிகுதியாகவும் 1310இல் சொற்பமாகவும் காணப்படின் அங்கே இழை வளைந்திருக்கின்றது. இரண்டிலும் ஏறத்தாழ ஒப்பாயின் பொருத்துக் கெட்டிருக்கின்றது. முன்னையதைத் தளர்த்திவிட்டாற் போதும். பின்னையதை வெட்டி ஒட்டவேண்டும்.

முற்றாக ஒளி நின்றுபோன வேளையிலும் அம்மேற்பார்வைச் சைகையே வழிகாட்டி. சைகையும் நின்று மேற்பார்வையும் நின்றதாயின் இழை அறுந்தது எனலாம். சைகை மட்டும் நின்று மேற்பார்வை உயிருடன் இருப்பின் இழை முழுமையாக உள்ளது. குற்றம் அதற்கு முந்திய கருவிகளில். அறுந்தபோது இன்னொன்றும் நிகழும். அறுந்த முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி வெளியே பாயாதிருக்க, கீழ்நிலையம் எதிர்த்திசை இழை வழியே மேல்நிலையத்திற்கு அறிவிக்க, மேல்நிலைய விரியலாக்கி தானே தன் வலுவைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திக்கொள்ளும். சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் ஜீ.664 என்னும் பரிந்துரை இப்பாதுகாப்பைப் பற்றியது. ஆதலின் மேல்நிலையத்திலும் பயப்பு வலு குறைவு என்னும் எச்சரிக்கை தோன்றும். மேலிருந்து கீழாகவே காரணம் பரவும் என்னும் விதிக்கு இஃதொரு விலக்கு. இதனை அறியாதார் நல்ல விரியலாக்கியைக் கட்டாயப்படுத்தி இயக்க முற்படுவர். அறுந்த முனையை ஒட்டிக்கொண்டிருப்பவரின் கண் அப்போது எங்கே இருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 50 மில்லிவாற்று செந்நிறக்கீழ் ஒளி கண்ணுக்குத் தீங்கு செய்யவல்லது. கண்ணைக் கூசச் செய்யாத ஒளியாதலின் கண் தானாக மூடிக்கொள்ளவும் மாட்டாது.

சைகை அறவே வராதபோதும் சில விரியலாக்கிகளின் பயப்பில் ஓரளவு வலு காணப்படுதல் உண்டு. முன்னர்க் கூறிய இரைச்சலொளியே அது. இருவாயி ஒளியை எண்ணுமேயன்றி, செய்தியொளி எது, இரைச்சலொளி எது என்று பிரித்தறியாது. நிறமாலையைப் பிரித்துக் காட்டும் கருவியால் நோக்கினால் அலைநீளங்களின் கூரிய முடிகளுக்குப் பதிலாக மந்தமான மேடொன்றே தென்படும்.

விரியலாக்கியை நயம் மாறாது இயக்குவது ஒரு முறை. பயப்பு வலு மாறாது இயக்குவது மற்றொரு முறை. பின்னைய முறையில் ஒரு பொறி உண்டு. 40 அலைநீளங்களில் 20 மேலே எங்கோ நின்றுவிட்டன என்க. பெய்ப்பு −6 ஆகும். ஆயின் விரியலாக்கி மொத்தப் பயப்பை 17இலேயே வைத்திருக்கும். எஞ்சிய 20 அலைநீளங்களும் ஒவ்வொன்றும் 1 டி.பி.எம். இற்குப் பதிலாக 4 பெறும். இவ்விடத்தில் நயம் மிகை என்று ஓர் எச்சரிக்கை தோன்றும். அடுத்த நிலையத்திலோ பெய்ப்பு −3, பயப்பு 17, நயம் 20; எல்லாம் ஒழுங்கு! ஆயினும் மிகுவலுவால் இழையினுள்ளே அலைநீளங்கள் ஒன்றையொன்று குழப்பத் தொடங்க, இறுதியிலுள்ள வாங்கிகள் பிழைகளை எண்ணத் தொடங்கும். பாதையில் அமைதி, முடிவிலே கூக்குரல். எத்தனை அலைநீளங்கள் ஓடுகின்றன என்ற எண்ணிக்கை தெரியாமல் மொத்த வலுவை மட்டும் பார்ப்பவர்க்கு இது புதிராகவே தோன்றும்.

கடலடி வடங்களின் நிலை வேறு. இலங்கையில் மாத்தறையிற் கரையேறும் தென்கிழக்காசியா - மத்தியகிழக்கு - மேற்கைரோப்பா 5 என்னும் வடத்தைப் போன்றவற்றில், விரியலாக்கிகள் கடலின் அடியிலே கிடக்கின்றன. கரையிலிருந்து வடத்தின் செம்புக் குழாய் வழியே செல்லும் மின்னோட்டமே அவற்றின் உணவு. திறந்து பார்த்தல் ஆகாத காரியம். ஆதலின் அவற்றை உச்ச வலுவை அண்டிய நிலையில் இயங்கவிடுவர். ஓரிடத்தில் இழப்புக் கூடினால் அடுத்த விரியலாக்கியின் நயம் தானே உயர்ந்து, சில நிலைகளுக்குள் வலு பழைய அளவை அடையும். தரையிலோ, நயத்தை மாறாது பிடித்திருப்பதால், ஒருகால் வீழ்ந்த வலு இறுதிவரை வீழ்ந்தே செல்லும்.

இனி, பரிகாரம் என்ற பெயரில் செய்யப்படும் ஒரு தவறு பற்றி விரித்துரைத்தல் அவசியம். முதல் உதாரணத்தில், இடைவழி 4 டெசிபெல் மிகுதியாக இழந்தபோது, மூன்றாம் நிலையத்தின் நயத்தை 20இலிருந்து 24 ஆக்கிவிட்டால் பயப்பு மீண்டும் 17 ஆகும். நான்காம் நிலையத்தின் சிவப்பு வரிகள் மறையும். மூன்றாம் நிலையத்தின் பெய்ப்பெச்சரிக்கையோ எல்லையைச் சற்றுத் தளர்த்தினால் அதுவும் மறையும். திரை தூய்மையாகிவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது என்று தோன்றும். ஆயின் தளர்ந்து வந்த சைகைக்கும் விரியலாக்கியின் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் வாயிலிலேயே நிச்சயிக்கப்பட்டுவிடுகின்றது. பின்னர் எவ்வளவு பெருக்கினும் இரண்டும் சேர்ந்தே பெருகும். பாலிற் கலந்த நீரை மேலும் பால் காய்ச்சும் பாத்திரத்தைப் பெரிதாக்கிப் பிரிக்கவியலாதது போல. மேலும், அலைநீளங்கள் எல்லாவற்றிற்கும் சமமாக நயம் கிடைக்கும்படி வடியொன்றை அமைத்திருப்பர். அது குறித்த நயத்திற்கே பொருந்தும். எல்லைக்கு அப்பால் நயத்தை உயர்த்தினால் ஒருபுறத்து அலைநீளங்கள் உயர்ந்தும் மறுபுறத்தன தாழ்ந்தும் சாய்ந்து நிற்கும். இத்தனைக்கும் மேலாக, வளைந்த இடம் ஒருநாள் திருத்தப்படும்போது பெய்ப்பு −3இற்கு மீளும். 24 நயத்துடன் அது 21ஐ நோக்கி எழுந்து விரியலாக்கியின் உச்சத்தில் முட்டும். அன்று பயப்பு மிகை என்றும் நயம் குறைவு என்றும் புதிய எச்சரிக்கைகள் தோன்ற, அவற்றின் காரணத்தை எவரும் அறியார். அவசரவேளையில் நயத்தை உயர்த்துதல் சில சமயம் தவிர்க்க முடியாததே. அங்ஙனம் செய்தவர் அதனைப் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். இழப்பு 24 என்ற எண்ணும் அங்கே சிவப்பு மையில் நிற்றல் வேண்டும்.

பழுதுகளுட் பெருந்தொகையானவை மிக அற்பமான பொருளால் விளைவன. ஒளி செல்லும் உட்கருவின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்கிரோமீற்றர். தூசித்துணிக்கை ஒன்று அதனை மறைத்துவிடப் போதும். இணைப்பியைக் கழற்றும்போதெல்லாம் இரு முனைகளையும் பார்த்து, துடைத்து, மீண்டும் பார்த்த பின்னரே பொருத்தல் வேண்டும். ஒரு முனையை மட்டும் துடைத்தல் அழுக்கை மறுமுனையிலிருந்து வாங்கிக்கொள்வதற்கே உதவும். விரியலாக்கியின் பயப்பு முனையில் அழுக்கிருப்பின், அதன்மேல் விழும் வலு அதனைச் சூடேற்றிக் கண்ணாடியின் முகத்தையே சிதைக்கக் கூடும். அதன்பின் துடைத்துப் பயனில்லை. நன்கு பொருந்தாத முனையில் கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே ஒளியின் 4 நூற்றுவீதம் வரை தெறித்து மீளும். தெறிப்பு மிகை என்ற எச்சரிக்கைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். முனையை நுணுக்குக்காட்டியால் நோக்குமுன், அதன் மறுபுறத்து ஒளி நிறுத்தப்பட்டதை மானியால் அளந்து உறுதிசெய்தல் வேண்டும்; பிறர் நிறுத்திவிட்டதாகக் கூறும் சொல் போதாது. நேரே கண்ணை வைக்காது, படத்தைத் திரையிற் காட்டும் நுணுக்குக்காட்டியைக் கையாளுதல் இன்னும் மேலானது.

எச்சரிக்கை தோன்றிய நேரமும் ஒரு சாட்சியே. ஆயின் எல்லா நிலையங்களின் மணிக்கூடுகளும் ஒத்திருந்தாலன்றி, எது முந்தியது எது பிந்தியது என்று கூறுதல் இயலாது. கருவிகள் 15 நிமிடத்திற்கொரு முறையும் 24 மணித்தியாலத்திற்கொரு முறையும் அளவுகளைச் சேமித்து வைக்கின்றன. அவற்றைப் பார்த்தால், வலு ஒரே கணத்தில் வீழ்ந்ததா, மாதக்கணக்காக மெல்லத் தேய்ந்ததா, நண்பகலில் வீழ்ந்து இரவில் எழுகின்றதா என்பது புலனாகும். திடீர் வீழ்ச்சி மனிதரின் கையையோ மண்வெட்டியையோ காட்டும். மெல்லிய தேய்வு முதுமையையும் ஈரத்தையும் காட்டும். நாள்தோறும் ஏறியிறங்குவது வெப்பத்தால் நீண்டு சுருங்கும் பகுதியொன்றைக் காட்டும்.

திருத்தம் முடிந்தபின்னும் சில பணிகள் உண்டு. சோதனைக்கெனச் செருகிய தணிப்பானைக் கழற்றினரா, தளர்த்திய எல்லைகளைப் பழையபடி வைத்தனரா, உயர்த்திய நயம் 20இற்கு மீண்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு நிலையத்தின் பெய்ப்பையும் பயப்பையும் அலைநீளங்களின் எண்ணிக்கையுடன் சேர்த்து எழுதி, தொடர் முதன்முதல் இயங்கிய நாளின் எண்களுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். முற்பகலில் வளைவைத் திருத்தியவர்கள் அன்று மாலையே வீடு திரும்பலாம். ஆயின் அடுத்த நாள் நண்பகல் வெயிலிலும் இடைவழி இழப்பு 20ஆகவே நிற்கின்றதா என்று பார்க்க ஒருவரேனும் திரையின்முன் இருத்தல் வேண்டும்.